பணிபுரியும் இடம்

கேட்டில் செருகியிருந்த நோட்டீஸில்
என் பெயர் மூன்று தடவை வந்திருந்தது:
செசிந்தா, ஜெசிந்த, ஜசிந்தா.
மண்டபம் பேரூராட்சி. அரையாண்டுத் தொழில் வரி.
பணிபுரியும் இடம் என்ற கட்டத்தில்
யாரோ பேனாவால் வீடு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள்.

சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தேன்.
கர்நாடகத்துக்கு மாதம் இருநூறு
மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது.
அந்த ஊரில் நான் இருந்தது மொத்தம் ஒன்பது நாள்.
வேலைக்குச் சேர்ந்தபோது நாலு,
ஆண்டு விழாவுக்கு மூன்று,
ரயிலைத் தவறவிட்டதில் இரண்டு.
அவர்கள் ரோட்டை நான் தேய்த்தது அவ்வளவுதான்.

சம்பளப் பிரிவில் ரக்ஷிதா ஹெக்டேவுக்கு எழுதினேன்.
கம்பெனி எங்கே பதிவோ
உங்கள் நாற்காலியும் அங்கேதான் என்று பதில் வந்தது.
நாற்காலி
உச்சிப்புளியில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியது.
ஒரு கால் குட்டை.
அதற்கு அடியில் மடித்து வைத்திருப்பது
போன வருடத்துக் குடிநீர் ரசீது.

பேரூராட்சி ஆபீஸில் கோட்டைச்சாமி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.
"கம்பெனி எங்க இருக்கு?"
பெங்களூர்ல.
"வேலை எங்க நடக்குது?"
கம்ப்யூட்டர்ல.
"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"
மேசை மேல.
"மேசை?"
மூணாவது வார்டுல.
"அப்ப நம்ம வரிதாம்மா."

அங்கே ஏற்கெனவே பிடிக்கிறார்களே என்றேன்.
"அது அவுகளக் கேக்கணும்."

வேலை என்னவென்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.
ஒஹையோவில் ஒருவன் வாங்கிய வறுத்த கோழி
கறுகிப்போயிருக்கிறது.
அவன் திட்டுகிறான்.
கோழிக்கடைக்காரர்கள் சார்பில்,
பெங்களூர்க் கம்பெனி பெயரில்,
இரவு பதினொன்றரைக்கு
மண்டபத்திலிருந்து நான் மன்னிப்புக் கேட்கிறேன்.
அந்த மன்னிப்பு எந்த ஊரில் நடக்கிறது?
சொல்லியிருந்தால்
மனுஷன் இன்னொரு பில் புத்தகத்தை எடுத்திருப்பார்.

இங்கே தரை ஒடுக்கம்.
வடக்கே பத்து நிமிடம் நடந்தால் ஒரு கடல்,
தெற்கே நடந்தால் இன்னொன்று.
வடகடல் கலங்கினால் தென்கடலுக்கு வள்ளத்தை மாற்றுவார்கள்.
விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்,
நாட்டுப்படகுக்கு நாலு.
தண்ணீரையே கிழமை போட்டுப் பங்கு வைத்த ஊர்
என் ஒருத்தியைப் பங்கு வைக்கத் திணறுகிறது.

இதற்கு நடுவில்
போன ஞாயிற்றுக்கிழமை அரிச்சல்முனைக்குப் போயிருந்தோம்.
ரெக்ஸ்லின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையில் நிற்க
நான் சிப்பிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து
ஒரே ஒரு மெயிலுக்குப் பதில் போட்டேன்.
போனில் மணி அதே மணி,
வெயில் அதே வெயில்,
இலங்கைக்கு நல்வரவு என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் புதிது.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து படிவம் வந்தது.
நீங்கள் வெளிநாட்டிலிருந்து பணிபுரிந்ததாகத் தெரிகிறது.
எத்தனை நாட்கள்? யார் அனுமதி?
வரி தொடர்பான விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு.
நாட்கள் என்ற இடத்தில்
பதினொரு நிமிடம் என்று எழுதினேன்.
பெட்டி அதை ஏற்கவில்லை. முழு எண் கேட்டது.

ஆயிரத்து இருநூற்றைம்பதைக்
கோட்டைச்சாமி எச்சில் தொட்டு இருமுறை எண்ணினார்.
எதிர்த்து எழுத எனக்கு ஒரு வக்கீல் வேண்டும்,
வக்கீல் பீஸ் இதைவிட அதிகம்.
அந்தக் கேள்விக்குறியையாவது அடித்துவிடுங்கள் சார் என்றேன்.
"அதுக்கென்ன" என்று
சிவப்புப் பேனாவை எடுத்து, கண்ணாடியைத் தேடி,
கிடைக்காமல், உத்தேசமாக ஒரு கோடு இழுத்தார்.

படியிறங்கிவந்து பார்த்தேன்.
அடிபட்டிருந்தது வீடு.
கேள்விக்குறி அப்படியே இருந்தது.

திரும்பிப்போய்த் திருத்தலாம்தான்.
மணி ஐந்தரை.
ஒஹையோவில் விடிந்துவிட்டது.