ரெண்டு கதவு

வேனுக்கு ஏழு இருக்கை.
நான் போய்ப் பார்க்குமுன்னே
ஏழும் நிரம்பிவிட்டன.

முன்சீட்டு மாமியாருக்கு, கண்டி கிளினிக் நாளில்.
நாத்தனார் சுகந்தமலர் ஜன்னலோரம் கேட்டாள்,
வாந்தி வருமாம். அவள் பிள்ளைகள் இரண்டு.
பின்னால் இரண்டை மடித்துவிட்டால்
கொழுந்தன் பிரதீபனின் லீக்ஸ் மூட்டை.
"வாரத்துக்கு ஒரு நடைதானே அண்ணி."
மிஞ்சிய ஒன்றில் நான்,
ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

பதினாறு வருசம்
குழந்தை நிறுக்கும் தராசை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு
லிந்துலைத் தோட்டங்களில் ஏறி இறங்கிய
மருத்துவமாது நான்.
மழைக்கோட்டுக்குள் மழை எந்த வழியாய் நுழையும் என்று
பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு எடுப்பேன்.
எனக்கு வேண்டியிருந்தது ஒரு கூரை.
அவ்வளவுதான்.

ஆகவே நானுஓயாவில், விமலசூரியவின் முற்றத்தில்,
வெள்ளிநிற வேனுக்குப் பக்கத்தில் நின்ற
அந்தச் சிவப்புக் காரை நான் பார்த்திருக்கக் கூடாது.
ரெண்டு கதவு. ரெண்டு சீட்டு.
பூட்டில் ஒரு குடையை வைத்தால்
இன்னொரு குடைக்கு இடமில்லை.
கூரையைக் கழற்றலாம் என்றார் பெருமையாக.
பாதி வருசம் மழை பெய்யும் ஊரில்
கழற்றக்கூடிய கூரை!

"மிஸ்ஸுக்கு அது சரிவராது."
அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால்
நான் சாவியைக் கேட்டிருக்கமாட்டேனோ என்னவோ.

ராதெல்ல ஏற்றம்.
மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரைத் தட்டியதும்
கார் ஒரு மூச்சு இழுத்தது,
பனிகுடம் உடைந்தபின் தாய்மார் இழுப்பதுபோல்,
இனித் திரும்ப வழியில்லை என்கிற மூச்சு.
வளைவு. தேயிலை சரிந்து வலப்பக்கம் போயிற்று.
வளைவு. வானம்.
யாரோ சத்தமாய்ச் சிரித்தார்கள்.
விமலசூரிய கைப்பிடியைப் பிடித்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்ததும்தான்
யாரென்று தெரிந்தது.

இரவு சத்தியசீலன் கொப்பி எடுத்தார்.
தபால் கந்தோர்க்காரர்; கோடு போடாமல் யோசிக்கமாட்டார்.
வேனின் பக்கம் பதினொரு வரி:
எரிபொருள், உதிரிப்பாகம், ஹயருக்கு விடலாம்,
திரும்ப விற்றாலும் விலை போகும்.
சிவப்பின் பக்கம் வெறுமை.
பேனாவோடு காத்திருந்தார்.
"சொல்லு."
"வளைவுல நல்லாருக்கு."
அவர் சிரிக்கவில்லை.
'வளைவு' என்று எழுதி,
கீழே அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் நிஸாம் பாஸ் வந்து அடியில் படுத்துப் பார்த்தார்.
"பார்ட்ஸ் ஜப்பான்ல இருந்து வரணும் மிஸ்.
வந்தா வரும். வராட்டி வராது."
கையைத் துடைத்துக்கொண்டு
ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவா என்றார்.
நாற்பது நிமிசம் ஆள் வரவில்லை.
வந்தவர், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன.
வேனுக்கு ஐந்து வருச லீசிங்.
இதற்கு என் சீட்டுக் காசும் ஒரு சோடி வளையலும் போதும்.
கடனில்லை பாருங்கள், வட்டியில்லை பாருங்கள்
என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.
உண்மைதான்.
ஆனால் அதற்காக வாங்கவில்லை.

கிளினிக் நாளில் மாமியார் முன்சீட்டில் ஏறினார்.
அவருக்கு வேண்டியதும் ஒரு சீட்டுத்தானே.
சுகந்தமலர் இரண்டு கிழமை பேசவில்லை,
மூன்றாம் கிழமை படம் எடுக்க வந்தாள்,
கதவில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு.

பிரதீபன்தான் விடவில்லை.
சனிக்கிழமை விடியற்காலை
வாசலில் மூட்டையோடு நிற்கிறான்.
காரைப் பார்க்கிறான், மூட்டையைப் பார்க்கிறான்,
என்னைப் பார்க்கிறான்.
"இதுல எங்க அண்ணி?"

பக்கத்துச் சீட்டில் நிமிர்த்தி உட்கார்த்தி
வளைவில் சரியாமல் பெல்ட்டும் போட்டுவிட்டேன்.
லீக்ஸ் தாள் நீண்டு கூரையில் முட்டுகிறது.
தலவாக்கலை தாண்டுமுன் மழை பிடித்தது.
ஒழுகுகிறதுதான்.
நல்லவேளை,
அந்தப் பக்கம்.