இரண்டு தெரு தள்ளி

செவ்வாய்தோறும் நூலகத்தின் மேல்மாடி எனக்கு.
இருபத்து மூன்று வருடம் பேருந்து ஓட்டிய கை,
மைக்ரோஃபிலிம் சுருளின் பிடிக்கு உடனே பழகிவிட்டது.
மெல்லச் சுற்றினால் ஊர் நகரும்.
வேகமாகச் சுற்றினால் வெறும் மழை.

எங்கள் குடும்பத்தில் சொத்து கிடையாது,
ஆட்கள் இருந்தார்கள்.
கொள்ளுத்தாத்தா ஜோசையா குளூலோ பெற்றது ஒன்பது.
மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டே அறை.
யார் யார் காலடியில் யார் யார் தலை
என்பதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை.

ஈனோக் என்று மூன்று பிள்ளைகள்.
முதல் ஈனோக் ஒன்பது வாரம்.
இரண்டாம் ஈனோக் நான்கு வயது, கொதிநீர்.
மூன்றாவதுக்கும் அதே பெயரை வைத்தார்கள்.
வேறு பெயரா கிடைக்கவில்லை என்று
சுருளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.
பக்கத்து மேசைக்காரர் இருமினார்.
காலணி, கோட்டு, தொப்பி
எதையும் வீணாக்காத வீடு.
பெயரை மட்டும் எப்படிக் குப்பையில் போடும்?
மூன்றாவது நிலைத்தது. அவர் என் தாத்தா.

ஜோசையாவைக் கடல் கொண்டது என்பார்கள்.
லிவர்பூலில் கப்பலேறியவர், திரும்பவில்லை.
கிறிஸ்துமஸ்தோறும் வின்னி அத்தை
இரண்டாவது ஷெர்ரிக்குப் பிறகு
சுவரில் தொங்கிய கப்பலைப் பார்த்து அழுவாள்.
அது பிஸ்கட் டின் மூடி என்பது
எல்லோருக்கும் தெரியும்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்று,
தலைக்கணக்கு. லாங்டன். பெலோஸ் தெரு.
கெசாயா குளூலோ, முப்பத்தெட்டு, விதவை,
பீங்கான் ஆலையில் மெருகுத்தொட்டி வேலை.
சரிதான் என்று சுற்றினேன்.
ஐந்து பக்கம் தாண்டி, டைலர் சந்து:
ஜோசையா குளூலோ, நாற்பத்தொன்று,
சூளைக்காரர், மனைவியை இழந்தவர்.
வீட்டுவேலைக்கு ரோடா பிளான்ட், இருபத்தாறு.
அவளுடைய மகன் ஈனோக், வயது இரண்டு.

கையெடுத்தேன். சுருள் தானாகக் கொஞ்சம் ஓடி நின்றது.

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு
ஒருவரையொருவர் கொன்றிருக்கிறார்கள்,
கத்தியில்லாமல், வாசலில் நின்ற
அரசாங்க எழுத்தரின் மையால்.
அந்த நான்காவது ஈனோக்
போன இருவருக்காகவா,
விட்டுவந்த ஒருவனுக்காகவா?
ஒரே ரொட்டிக்கடையில் இரண்டு ஈனோக்கும்
வரிசையில் நின்றிருப்பார்கள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
எத்தனை தலை திரும்பியிருக்கும்?

மேவிஸை அழைத்துச் சொன்னேன்.
அக்கா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "அப்படியானால் வின்னி அத்தை
பிஸ்கட்டுக்குத்தான் அழுதாளா?"

அடுத்த செவ்வாய்க்கு முன்னால்
பணம் கட்டிய சான்றிதழ் தபாலில் வந்தது.
கெசாயா, நாற்பத்தொரு வயது, ஈயநஞ்சு,
ஆறு வாரம். கை மணிக்கட்டோடு தொங்கியிருக்கும்,
தேநீர்க் கோப்பையை அவள் பிடித்திருக்க முடியாது,
வாழ்நாளெல்லாம் கோப்பை நனைத்தவள்.
கடைசிக் கட்டத்தில்
இறப்பைத் தெரிவித்தவர்: ஜே. குளூலோ,
சாகும்போது உடனிருந்தார்.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
ஒரு கால் நீண்டு, ஒரு கால் குட்டையாக.

கடலிலிருந்து எழுந்து வந்து
ஆறு வாரமும் உட்கார்ந்தாரா,
கடைசி இரவு மட்டும் வந்தாரா,
யார் போய்ச் சொன்னது, ரோடாவா?
குறி அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

பெலோஸ் தெரு இப்போது டயர் கடை.
டைலர் சந்தின்மேல் சுற்றுச்சாலை.
நடந்து எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தேன்.
என் பேருந்து அந்த இரண்டுக்கும் நடுவே
ஒரு நாளைக்குப் பதினான்கு முறை
யாரும் மணியடிக்காததால் நிற்காமல் போயிருக்கிறது.

சுவர்க்காகிதச் சுருளின் பின்பக்கத்தில்தான்
வம்சத்தை வரைந்துவருகிறேன்.
ரோடாவை எங்கே போடுவது என்று கேட்டேன்.
"அவளையும் போடு, அந்தப் பையனையும் போடு."
இடமில்லை, மேவிஸ்.
"இன்னொரு சுருள் வாங்கு.
பூப்போட்டது வேண்டாம்,
அது விலை கூடுதல்."