பதினைந்தாவது கட்டம்

நரின் நகரில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை.
பயிற்சி ஆசிரியை பெகாயிம்
பின்னங்கள் நடத்துகிறாள்.
கடைசி பெஞ்சில் நான்.
மடியில் பதினான்கு கட்டம் போட்ட படிவம்.

முக்கால் என்று எழுதும்போது கதவு திறந்தது.
தாமதமாக அதிலெத்.
ஷூவுக்குள் ஓர் ஆறு.
சாக்பீஸை வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து
காலுறைகளைக் கழற்றிப் பிழிந்தாள்,
ஹீட்டர் குழாயில் காயப்போட்டாள்,
தன் கம்பளிக் கையுறைகளை
அவன் பாதங்களில் மாட்டிவிட்டாள்.
வகுப்பு சிரித்தது. அவனும்.
பிறகு மறுபடி முக்கால்.

ஏழு நிமிடம் போயிற்று.
'நேர மேலாண்மை: சுமார்' என்று எழுதினேன்.
வேறெங்கே எழுதுவது?

துறைக் கூட்டத்தில் இன்னொரு கட்டம் கேட்டேன்.
"எத்தனை மதிப்பெண்?" என்றார் எர்மெக்.
ஐந்து என வாயெடுத்தேன்.
அடுத்த வருடம் நாற்பது பேர்
ஈரக் காலுறை தேடி அலைவது தெரிந்தது.
மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் கையெழுத்துப் போட வந்தாள்.
விரல்களில் பேனா நிற்கவில்லை.
கையுறைகள் அதிலெத்தோடு
வீட்டுக்குப் போய்விட்டன போல.
'சுமார்' என்பதைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று வருடமாக என் மாணவி.
எங்கே தங்கியிருக்கிறாள் என்று
எனக்குத் தெரியாது.

நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டேன்.
எப்படி ஆரம்பிப்பது என்று புரியாமல்
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.