நாற்பத்தொன்பதாம் கட்டை

வில்யாந்திப் பள்ளிக்கூடத்துப் பியானோ.
அக்டோபரிலிருந்து அறையைச் சூடாக்கிச் சூடாக்கி
மரம் வறண்டு சுருதி இறங்கிக் கிடக்கிறது.
முறுக்க எட்டினால்
எனக்கும் அதற்கும் நடுவில் நீ.

போன மாதம் பக்கவாட்டில் நின்றால் கை எட்டியது.
இன்று முக்காலியைத் தள்ளிப் போட்டு
காலை அகட்டி உட்கார்ந்து
பால் கறப்பவள் மாதிரி வேலை செய்கிறேன்.
மோதிரம் கருவிப் பைக்குள், ஆணிகளோடு.
தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு,
யாரோ அளவெடுத்துக் கிழித்தது போல.

வெள்ளிக்கிழமை தார்த்துவில் உன்னைப் பார்த்தேன்,
மழை பெய்யும் திரையில்.
இருபத்தொரு வாரம், நானூறு கிராம் என்றாள் ஊர்வே.
இமை ஒட்டித்தான் இருக்கிறது.
உடம்பெல்லாம் பூனைமயிர், அதன் மேல் வெண்ணெய்ப் பூச்சு.
விரல் நுனியில் ரேகைகூட விழுந்தாயிற்று.
(அங்கே எந்தப் பத்திரத்தில்
கைநாட்டு வைக்கப் போகிறாய்?)

காது? என்றேன்.
நத்தைச் சுருள் தயார், கேட்கத் தொடங்கியிருக்கும் என்றாள்.
என் காது அடைத்திருப்பதையும் சொன்னேன்.
'ரத்தம் பெருகுகிறது இல்லையா,
மூக்குக்குப் பின்னால் வீங்கும்.
பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும்.'
அடுத்த பக்கம் திருப்பினாள்.
நான் காதை வைத்துப் பிழைப்பவள், ஊர்வே.

நாற்பத்தொன்பதாம் கட்டை.
ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி.
இரண்டு ஒத்துப்போகாவிட்டால்
நடுவில் ஒன்று அலை அலையாகத் துடிக்கும்.
முறுக்க முறுக்க அது மெதுவாகி
மெதுவாகி
நின்றுவிட வேண்டும்.
நின்றதா, எனக்குத்தான் கேட்கவில்லையா?
சுருதிக்கவையின் காம்பைப் பல்லால் கடித்தேன்.
எலும்பு வழியே வந்தது, சுத்தமாக.
மண்டை ஓடு இன்னும் என் பக்கம்தான்.

அப்போது கவை நழுவித் தரையில் விழுந்தது.
குனியப் பார்த்தேன். பாதியிலேயே மூச்சு நின்றது.
கூடம் துடைக்கும் வால்துர் வந்து எடுத்துக் கொடுத்தார்,
வயிற்றைப் பார்க்காதது போல.

அவர் அந்தப் பக்கம் போனதும்
சட்டையை விலக்கி
முழங்காலில் தட்டிய கவையை
உன் மேல் நிறுத்தினேன்.
உலகமே ஒத்துக்கொண்ட ஸ்வரம் இது,
கேள்.
ஒன்றுமில்லை.
இன்னொரு தரம்.
தூங்குகிறாயோ என்னவோ.

கூடத்தின் கோடியில் வால்துர்
தரை தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டார்.
பழைய ரஷ்ய இயந்திரம்,
எருமை உறுமுவது போல அடித்தொண்டைச் சத்தம்.
உதைத்தாய்.
ஒரு முறை, பிறகு இடப்பக்கம் இன்னொன்று,
மீன் திரும்பியது போலல்ல,
கதவைத் தட்டியது போல.

பதினான்கு வருடத் தொழில்காரிக்கு
இது கொஞ்சம் அவமானம்தான்.

வேலை முடியும் வரை நிறுத்தி வைக்கட்டுமா என்று
வால்துர் கூவிக் கேட்டார்.
வேண்டாம், ஓடட்டும் என்றேன்.
இரண்டு கம்பி இன்னும் சண்டையில் இருந்தன.
கவையைத் திரும்பக் கடித்துக்கொண்டேன்.