கதவில் இருவர்

திரையில் பச்சைக் கோடு
பூச்சியத்துக்கு மயிரிழை மேலே
அசையாமல் கிடக்கிறது.
வெள்ளவத்தை. இரவு ஒன்று பத்து.

புறக்கோட்டைத் துணிக்கடையின் சாமான் லிஃப்டுக்கு
கதவு மூடாவிட்டால் விட்டுவிட்டு அலற ஒரு மணி.
வெள்ளிக்கிழமை வேணும் என்றார் முபாரிஸ்.
ஒஸிலேட்டர் துடிக்கும், ட்ரிகர் மணியைத் தட்டும்,
அவ்வளவுதான் என்று சொல்லி
முற்பணமும் வாங்கிவிட்டேன்.

தரை போட்டாச்சு.
பிளஸ் மைனஸ் பார்த்தாச்சு.
நேரப்படியைப் பத்தில் ஒன்றாக்கினேன்:
கோடு பத்து மடங்கு நுணுக்கமாக
ஒன்றும் செய்யாமல் இருந்தது.

பஸீஹாவுக்குப் படம் அனுப்பினேன். அவளும் தூங்கவில்லை.
"ரெண்டு ட்ரான்ஸிஸ்டரும் ஓன்.
ஒருத்தர் போனால்தானே மற்றவர் வரலாம்?"

பார்த்தேன். உண்மை.
ஒரே வாசலில் ஒன்றாக நுழைந்து
தோளோடு தோள் இறுகிப்போன இருவர்.
பின்வாங்க ஒருவருக்கும் காரணமில்லை.
மென்பொருள் அவர்களை அப்படித்தான் பெற்றது,
ஒரே எண், ஒரே பலம், இழையளவும் பிசகாமல்.
நேரம் தொடங்கும் முன்பே
எல்லாம் அடங்கி முடிந்த ஓர் அமைதியைக் கணக்கிட்டு
அதிலிருந்துதான் தொடங்குகிறது.
அங்கே யாருக்கும் இறந்தகாலம் இல்லை.

ஆகவே ஒரு பொய் எழுதினேன்:
இடப்பக்கக் கெப்பாசிட்டரில்
ஏற்கெனவே மூன்று வோல்ட் இருந்தது.

கோடு விழித்தது.
சதுரம் சதுரமாக எழுந்து நடந்தது.
ட்ரிகர் மட்டும் கல்லுப்போல.

அதற்கு மூன்று வோல்ட் வேண்டும்.
தனியாக ஐந்து வரை எழும் அலை
ட்ரிகரைத் தோளில் ஏற்றியதும்
இரண்டரையில் குனிகிறது.
திரும்பத் திரும்ப, படலை வரை வந்து
தட்டாமல் போகிறது, கடன் கேட்க வந்தவன்போல.

நடுவில் இன்னொரு ட்ரான்ஸிஸ்டர் வைத்தேன்,
சுமக்க மட்டும்.
புறக்கோட்டை நாட்டாமிபோல
பூச்சியம் தசம் ஆறு வோல்ட் கூலி எடுத்துக்கொண்டு
மீதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ட்ரிகர் அடித்தது. ஒன்று.
மறுபடி ஒன்று.
கடலோரத் தண்டவாளத்தில் வெறும் என்ஜின் ஒன்று போக
ஜன்னல் கம்பி, தேத்தண்ணிக் கோப்பை, மேசை, நான்
எல்லாம் அதிர்ந்தோம்.
திரையில் அலை இம்மியும் பிசகவில்லை.

விடிந்ததும் முதலாம் குறுக்குத் தெரு.
ஒரே பொட்டலம், ஒரே இலக்கம், மூன்று ட்ரான்ஸிஸ்டர்.
பலகையில் குத்தி மின்சாரம் கொடுத்தேன்.
யாரும் பொய் சொல்லவில்லை.
உடனே துடித்தது,
கணக்கைவிடக் கால் பங்கு வேகமாக.

முபாரிஸுக்கு அது போதும்.