மைனஸ் நான்கு

ஹென்ரிக்கா,
படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்றால்தான்
இங்கே இரண்டு கோடு சிக்னல்.
உன் பதினான்கு கேள்விகளையும் அங்கே நின்றுதான் வாசித்தேன்,
ஒரு கையில் போன்,
மறு கையில் மீன் கழுவின வாளி.

ஆமாம், அம்பானாவிலிருந்துதான் படகு.
திங்களும் வியாழனும் என்று எழுதிப் போட்டிருப்பார்கள்.
வியாழன் வந்துவிடும்.
திங்கள், இன்ஜின் மனசு வைத்தால்.

இருவரும் ஏப்ரலில் வாருங்கள்.
ஆகஸ்டில் காற்று திரும்பிவிடும்,
கடல் அரிசி களைந்த தண்ணீர்போல் இருக்கும்,
அதற்குள் இறங்கிவிட்டு எங்களைத் திட்டுவீர்கள்.

ஏடிஎம் கிடையாது.
கரண்ட் ஆறு மணிக்கு வரும், பத்துக்குத் தூங்கப் போய்விடும்.
நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்நார்கல் செய்யலாம்:
பவளத்திட்டு முழுக்க இடுப்பளவுத் தண்ணீர்.
விளிம்பில் மட்டும் சட்டென்று தரை தீர்ந்துபோகும்,
கீழே நீலம், அதற்கும் கீழே பெயரில்லாத ஒரு நிறம்.
அங்கே எல்லோருமே ஒருமுறை
மூச்சு விட மறப்பார்கள்.

ஆமையைக் கட்டாயம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.
ஆமையிடம் நாங்கள் ஒப்பந்தம் ஏதும் போடவில்லை.

பன்னிரண்டாவது கேள்வி, யோர்னின் கண்.
இரண்டு பக்கமும் மைனஸ் நான்கு.
பவர் வைத்த மாஸ்க் கிடைக்குமா?
கொரொன்தாலோவில் ஒரு கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.
கிடைக்கும்.

*

மூன்று வாரம் கழித்து
முட்டை அட்டைகளுக்கு நடுவே அது வந்து இறங்கிய சாயங்காலம்தான்
உன் இரண்டு வரியும் வந்தது.
‘இருவர் என்பதை ஒருவர் என்று மாற்றிவிடு.
தேதி அதேதான்.’

ஏன் என்று நான் கேட்கவில்லை.
‘சரி’ என்று அடித்தேன்.
அது போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

*

ருஸ்லானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
என் கணவரின் தம்பி. படகு அவனுடையது.
இருபது வருஷமாக ஆட்களைத் திட்டுக்குக் கொண்டுபோகிறான்.
பச்சை என்றால் மணல், கறுப்பு என்றால் பாறை,
நிறத்தைப் பார்த்தே சுக்கான் பிடிப்பான்.
தண்ணீரிலிருந்து தலை தூக்கியதும் கத்துகிறவர்களைக் கண்டால்
அவனுக்குச் சிரிப்பு.
‘கலங்கலாக் கொஞ்சம் கலரு, அதுக்கா இவ்வளவு சத்தம்?’

வேடிக்கைக்குத்தான் யோர்னின் மாஸ்க்கை மாட்டினான்.
என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டே குதித்தான்.

வரவில்லை.
ஒரு மூச்சுக்கு மேலே வந்து, பேசாமல் மறுபடி போனான்.
நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒருவழியாக ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தான்,
மாஸ்க்கைக் கழற்றாமல்.
பள்ளிவாசலின் தகரக் கூரையைப் பார்த்தான்.
எதிர்த் தீவின் தென்னைகளை
ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான்.
‘மீனுக்கெல்லாம் கண்ணு இருக்கு அண்ணி’ என்றான்,
மூக்கடைத்த குரலில்.
‘மேல கோடு கோடா இருக்கு.’
பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்து,
‘உங்களுக்கு வயசாயிடுச்சு.’

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வரவில்லை.

இப்போது சுக்கான் பிடிக்கும்போதும் அதைத்தான் போட்டிருக்கிறான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையோடு ஓடி ஓடிச் சிரிக்கிறார்கள்.
அம்பானாவுக்குப் போய் ஒழுங்கான கண்ணாடி வாங்கிக்கொள் என்றால்,
‘அது தண்ணிக்குள்ள வருமா?’ என்று கேட்கிறான்.

*

அதனால், ஹென்ரிக்கா,
அந்த மாஸ்க்குக்கு நீ அனுப்பிய பணத்தை
அறை வாடகையில் கழித்துக்கொண்டேன்.
மாஸ்க் திரும்பி வராது.

வியாழக்கிழமை துறையில்
டைவிங் மாஸ்க்கோடு ஒருவன் உன் பெட்டியைத் தூக்க வந்தால்
பயப்படாதே.
அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.
சொல்வதானால் நீ சொல்.

பதினான்காவதை விட்டுவிட்டேன்.
ஒற்றைக் கட்டில் எங்களிடம் இல்லை.
எல்லாமே இருவர் படுக்கிற கட்டில்தான்,
ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் சுவர்.

டார்ச் கொண்டு வா.