அவள் ஆமாம் சொல்லவில்லை

பங்குனி பத்து தாண்டியதும்
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் சுவருக்கு மேல்
புதுத் தகரம் மாதிரி வெயில் நிமிரும்.
ரஸ்னா தலையை ஆட்டத் தொடங்குவாள்.

மேலிருந்து கீழே, வெடுக்கென்று.
மூக்குக்குள் தேனீ புகுந்தது போல.
தேனீ இல்லை. டார்ச் அடித்து நானே பார்த்தேன்.
பல்லைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன்.
கடிவாளத்தைக் கழற்றி வீசிவிட்டுப் பார்த்தேன்.
முன்னங்காலில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து
தோல் வழன்று உள்சிவப்பு தெரிந்தது.

திருஷ்டி என்றார்கள் தெருவில்.
பூசணிக்காய் உடைத்தேன்.
குங்குமம் படாத பாதியை
அவளே தின்று தீர்த்தாள்,
தின்னும்போதும் ஆட்டிக்கொண்டே.

வேப்பேரி டாக்டரம்மா ஊசி எதுவும் எடுக்கவில்லை.
இரண்டு உள்ளங்கையாலும் அவள் கண்களைப் பொத்தினார்.
தலை நின்றது.
கையை எடுத்தார்.
மறுபடி வெடுக்.
"முகத்து நரம்புங்க. வெளிச்சம் பட்டா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும்.
வருசா வருசம் இதே மாசம் வரும், போகும்.
குணமாக்கிடுவேன்னு சொல்ல மாட்டேன்.
சமாளிக்கலாம்."

சமாளிப்பது எனக்குத் தெரியும்.
தவிட்டுக்கடை பாக்கி, லாடக்காரர் பாக்கி,
வாரவட்டி தணிகாசலம்,
எல்லாம் அந்த ஒரே வார்த்தையில்தான் நடக்கிறது.

காசிமேட்டில் வலை பொத்தும் செல்வமேரியிடம் போனேன்.
மூக்கு மட்டும் மூடணும், மூச்சு முட்டக்கூடாது,
கண்ணி பொடிசா இருக்கணும் என்றேன்.
"எந்த மீனுக்குடி பொற்கொடி இவ்ளோ பொடிக் கண்ணி?"
வெயிலுக்கு என்றேன்.
சிரித்தாள். காசு வாங்கவில்லை.
மூன்று தண்ணீரில் அலசியும் கவிச்சி போகாமல்
முதல் நாள் முழுக்க ரஸ்னா தும்மினாள்.
இரண்டாம் நாள்
பாதியாகக் குறைந்தது ஆட்டம்.
பாதிதான்.
கண்ணுக்குப் பழைய குடைத்துணியில் ஒரு திரை தைத்தேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைத் திருடன் என்றார்கள்.

போன வருசம் ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.
தண்டையார்பேட்டையில் மாப்பிள்ளை ஊர்வலம், பகல் பதினொன்று.
வலையும் தெரியாது அப்போது, நரம்பும் தெரியாது.
பேண்டு அடிக்க அடிக்க அவள் தலை அடித்தது.
"குதிரை டான்ஸ் ஆடுதுடா!" என்று ஒருத்தன் கத்த
ஐம்பது செல்போன் உயர்ந்தது.
நெற்றிப் பட்டத்தில் ஐந்நூறு ரூபாய் செருகினார்கள்.
எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.
மேலும் கீழும் ஆட்டினால்
மனுசருக்கு அது சம்மதம்.

இந்த வருசம் போன் வந்தது.
"அந்த ஆடுற குதிரைதான் வேணும். டபுள் தரோம். காலையில பத்து மணி."
சாயங்காலம் ஏழுக்கு மேலதான் வரும், ஆடாது என்றேன்.
"ஆடாதுன்னா எதுக்கும்மா?"
வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் தணிகாசலம் வாசலில் வந்து நின்றார்.
நானே திரும்பக் கூப்பிட்டேன் அந்த நம்பரை.
வேறு குதிரை பேசிவிட்டார்களாம்.
நிம்மதி என்று சொன்னால் பாதிப் பொய்.

இப்போது ராத்திரி ஊர்வலம் மட்டும்.
ஃபோகஸ் லைட் தூக்கும் பையனிடம்
பின்னால நடடா கண்ணு என்று
இருபது ரூபாய் கொடுத்து வைக்கிறேன்.
பகலெல்லாம் மேம்பாலத்து அடிநிழலில் அவளும் நானும்.
நிழல் நகர நகர
கயிற்றை அவிழ்த்துக் கட்டுவேன்,
தூணிலிருந்து தூணுக்கு.

ஆடி பிறந்தது.
மேகம் மூடிய ஒரு காலையில்
தலை தானாக நின்றிருந்தது.
வலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
தடவினால் உதட்டைத் தொங்கவிட்டு நிற்கிறாள்.
ஆடியில் யாருக்குக் கல்யாணம்?
அவள் முகம் வலிக்காத மாதம்
எங்களுக்கு வேலையில்லாத மாதம்.

"அடுத்த வாரம் கண்டிப்பா?" என்கிறார் தணிகாசலம்.
மேலும் கீழும் ஆட்டுகிறேன், இரண்டு முறை.
ரஸ்னா பார்த்துக்கொண்டே கொள்ளு மெல்லுகிறாள்.

வலையின் ஓரத்தில் எலி கடித்த ஓட்டை ஒன்று.
பங்குனிக்குள் செல்வமேரியைப் பார்க்க வேண்டும்.